அலாவுதீன் கதையின் மந்திரவாதியும் நம் பிள்ளைகளின் குரலும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பாடசாலைக் கலைவிழாவுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அதற்கு முன் பெற்றோரோடும் பழைய மாணவர்களோடும் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. மேடையில் ஓடி ஆடி நடிக்கிற பிள்ளையின் உடம்பில் மைக்கை எங்கே வைப்பது என்பதுதான் அந்த விஷயம். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் இதைத் தேடிப் படிக்கப் போய், இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பதைக் கண்டோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் தரம் 8 பிள்ளைகள் கடல்தொழில் பற்றி ஒரு நாடகம் போட்டார்கள். வலை இழுப்பது, புயலில் தோணி கவிழ்வது என்று முழுக்க ஓட்டமும் துள்ளலும்தான். வாடகைக்கு வந்த சவுண்ட்ஸ்காரர் இரண்டு கம்பியில்லா மைக் செட் கொண்டுவந்தார். சாரத்தின் இடுப்பு மடிப்பில் அந்தச் சின்னப் பெட்டியைச் செருகினோம். வயரை பெனியனுக்குள்ளால் எடுத்து நெஞ்சில் ஊசியால் குத்தினோம். வலையை இரண்டாம் தரம் இழுக்கும்போதே பெட்டி நழுவிப் பலகையில் விழுந்தது. ஸ்பீக்கரில் வெடி போட்டது போல ஒரு சத்தம். முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். சவுண்ட்ஸ்காரர் மேடையில் ஏறி வந்து எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளையை ஏசினார். பிள்ளை மீதி நாடகம் முழுவதும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடித்தான். பிழை அவனுடையது அல்ல, பெட்டியைச் சரியாகக் கட்டத் தெரியாத எங்களுடையது.

அடுத்த வருடம் பயந்துபோய் வேறு வழி எடுத்தோம். வசனங்கள் முழுவதையும் முன்கூட்டியே பதிவு செய்தோம். நன்றாகக் கதைக்கத் தெரிந்த மூன்று பெரியவர்கள் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். அது ஒரு பென்ட்ரைவில் வந்தது. பிள்ளைகள் மேடையில் வாயசைத்தார்கள். ஒரு சொல் பிசகவில்லை. அதிதிகள் பாராட்டினார்கள். எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஒரு உம்மம்மா பேரனின் கையைப் பிடித்தபடி வந்து கேட்டார்:

“எல்லாம் வடிவா இருந்திச்சு சேர். எங்கட புள்ளட சத்தம் மட்டும் கேக்கல்லையே?”

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. இந்தப் பதிவு அதற்கான பதில்தான், கொஞ்சம் பிந்தி வருகிறது.

மைக் இல்லாத காலத்தில் மேடை என்பது தொண்டைக்காரரின் சொத்து. தமிழ் இசை நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவின் பெயர் ஏன் இன்றும் நிற்கிறது? 1906இல் பிறந்து 1933இல், 27 வயதில் மறைந்தவர் அவர். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும் உச்சக்குரல் அவருடையது. அவரும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் நம் இலங்கையில் ஒரே மேடையில் நடித்தவர்கள். பிறகு யாழ்ப்பாணத்து இசை நாடக மரபில் நடிகமணி வி. வி. வைரமுத்து வந்தார். காங்கேசன்துறையைச் சேர்ந்த அவரது மயானகாண்டத்தை விடிய விடியக் கேட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த மேடைகளில் பாட்டுத்தான் பிரதானம். பாடுகிறவர் நின்று பாடுவார். நிறைய ஓட வேண்டியதில்லை.

ஆனால் பாடவும் வேண்டும், குதித்து ஆடவும் வேண்டும் என்றால்? மூச்சு வாங்குகிற ஒருவரால் எப்படி நூற்றுக்கணக்கானோருக்குக் கேட்கும்படி பாட முடியும்?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டுக்கூத்து மின்சாரம் வருவதற்கு முன்பே விடை கண்டுபிடித்துவிட்டது. மட்டக்களப்புக் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூத்தர் ஒரு அடியைப் பாடுவார். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் கூத்தர் ஆடுவார். ஆடி முடித்து மூச்செடுத்து அடுத்த அடியைத் தொடங்குவார். ஒருவரின் குரலைப் பல தொண்டைகள் சுமக்கின்றன. கேட்காமல் போன சொல் இரண்டாம் தடவை கேட்கும். வட்டக்களரி என்பதால் சனம் நாலு பக்கமும் பக்கத்திலேயே இருக்கும்.

நம் முஸ்லிம் ஊர்களின் களிகம்பிலும் இதே ஒழுங்குதான். அண்ணாவியார் பாட, கம்படிக்கிறவர்கள் சுற்றிவந்து திருப்பிப் பாடுவார்கள். கம்பு மோதுகிற சத்தத்துக்குள் ஒரு தனிக்குரல் கேட்காது, பத்துக்குரல் சேர்ந்தால் கேட்கும். கலாசாலையில் இதை ‘மரபுவழி அரங்கு’ என்று குறிப்பெடுத்துப் பாடமாக்கினோமே தவிர, இது ஒரு ஒலி நுட்பம் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை வட்டக்களரியிலிருந்து எடுத்து, முன்பக்கம் மட்டும் திறந்த நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ 1964இலும் மேடையேறின. விடியும்வரை நடந்தது சில மணித்தியாலங்களுக்குள் சுருங்கியது. ஆட்டம் கூர்மையானது. ஆனால் அங்கேயும் பிற்பாட்டை அவர் விட்டுவிடவில்லை. மேடையின் ஓரத்தில் பாடகர்கள் இருந்தார்கள். ஆடுகிறவரின் மூச்சுக்கு அவர்கள்தான் துணை.

பிறகு ஸ்பீக்கரும் ஸ்டாண்ட் மைக்கும் ஊர் ஊராக வந்தன. கேட்பது சுலபமானது. ஆனால் கால் கட்டுப்பட்டது. நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்: மேடை நடுவில் ஒரு மைக் நிற்கும். ராஜா வாள்வீசிச் சண்டை போட்டுவிட்டு, வசனம் பேச மைக்குக்கு ஓடிவருவார். மந்திரி தன் முறை வரும்வரை பக்கத்தில் வரிசையில் நிற்பார். சாகக் கிடக்கிறவர்கூட எழும்பி வந்து மைக்கில் இரண்டு வசனம் சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ச் சாவார். தமிழ்நாட்டு சபா நாடகங்களில் மேலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டார்கள். அப்போதும் நடிகர் அந்தந்த மைக்கின் கீழே வந்து நின்றால்தான் குரல் எடுக்கும். கூத்தர் வட்டமிட்டு ஆடிய மேடையில் இப்போது நாலு பேர் நேர்கோட்டில் நின்றார்கள்.

இந்தக் கயிற்றை அறுக்க முயன்ற கதைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது 1949இல் இங்கிலாந்தில் நடந்தது.

பிரைட்டன் என்ற கடற்கரை நகரம். நம்மைப் போலக் கடல் காற்று அடிக்கிற ஊர். அங்கே ஒரு விளையாட்டரங்கில், டொம் ஆர்னல்ட் என்ற தயாரிப்பாளர், பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே நடிக்கிற ஒரு நிகழ்ச்சியைப் போட்டார். கதை நமக்கெல்லாம் தெரிந்த அலாவுதீன் கதை. சறுக்குகிறவர் ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்கமாட்டார். ஸ்டாண்ட் மைக் அங்கே உதவாது.

அங்கே சறுக்கு வீரராக இருந்த ரெக் மூர்ஸ் என்பவருக்கு வானொலி நுட்பமும் தெரியும். அவர் 1947இலேயே ஒரு கம்பியில்லா மைக்கைச் செய்து வைத்திருந்தார். அதை அலாவுதீன் கதையின் மந்திரவாதி அபனாஸரின் உடுப்பில் பொருத்தினார். அந்த வருடம் செப்டம்பரில் தொடங்கி நத்தார் காலம் வரை மந்திரவாதி பனியில் வழுக்கிக்கொண்டே பேசினார். கருவி ஒழுங்காகவே வேலை செய்தது.

மூர்ஸ் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. காரணம் வேடிக்கையானது. அவர் பாவித்த 76 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு அவருக்கு அனுமதி இல்லை. கண்டுபிடித்தேன் என்று எழுதிக் கொடுத்தால் சட்டத்தை மீறினேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்குச் சுருக்கென்று குத்தியது. கருவி நன்றாக வேலை செய்தும் தயாரிப்பாளர்கள் அதைத் தொடரவில்லை. பார்வையாளருக்குத் தெரியாத இடத்தில் நடிகர்களையும் பாடகர்களையும் இருத்தி, மறைவான மைக்குகளில் அவர்களைப் பேசவைத்தார்கள். பனியில் இருப்பவர் சறுக்குவதை மட்டும் கவனித்தால் போதும், குரலை வேறொருவர் கொடுப்பார் என்று முடிவு செய்தார்கள். 1949இல் பிரைட்டனில் எடுத்த அதே முடிவைத்தான் நாங்கள் கற்பிட்டியில் பென்ட்ரைவ் வைத்து எடுத்திருக்கிறோம். மூர்ஸின் அந்த முதல் கருவி 1972இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். கூத்தின் பிற்பாட்டிலும் வேறொருவர்தானே பாடுகிறார்? ஆம். ஆனால் கூத்தர் தன் அடியைத் தானே முதலில் பாடுகிறார். மற்றவர்கள் அதை வாங்கிச் சுமக்கிறார்கள். அவர்கள் சனத்தின் கண்முன்னேயே இருக்கிறார்கள். வாயசைப்பில் நடிப்பவருக்குக் குரலே இல்லை, குரல் தருபவருக்கு முகம் இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

தொழில்நுட்பம் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1953இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் ‘வாகபொண்ட்’ என்ற கம்பியில்லா மைக்கை விற்பனைக்கு விட்டது. 1957இல் ஜேர்மனியின் சென்ஹைசர் ‘மிக்ரோபோர்ட்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. தொடக்ககாலக் கருவிகள் வெற்றிடக் குழாயில் ஓடியவை. டிரான்சிஸ்டர் வந்தபின் பெட்டி சிறுத்தது. 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். ஜேம்ஸ் வெஸ்ட் கறுப்பின அமெரிக்கர். நிறபேதம் சட்டமாக இருந்த வேர்ஜீனியா மாநிலத்தில் பிறந்து வளர்ந்து அந்த இடத்துக்கு வந்தவர். இன்று உடுப்பில் குத்துகிற மிளகளவு மைக்குக்குள் இருப்பது அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். மைக் இவ்வளவு சிறுத்தபிறகுதான் அதை ஒளித்துவைப்பது உண்மையில் சாத்தியமானது.

1964இல் வந்த ‘மை ஃபெயார் லேடி’ திரைப்படத்தில் நடிகர் ரெக்ஸ் ஹாரிசன் ஒரு பிடிவாதம் பிடித்தார். முன்கூட்டியே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க மாட்டேன் என்றார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் பாடுவேன், அதுதான் என் நடிப்பு என்பது அவர் நியாயம். கடைசியில் அவருடைய கழுத்துப் பட்டிக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்துப் படப்பிடிப்பிலேயே பதிவு செய்தார்கள். அந்தப் படத்துக்குச் சிறந்த ஒலிக்கான ஒஸ்கார் கிடைத்தது. 2012இல் வந்த ‘லே மிசராப்ல’ படத்திலும் நடிகர்கள் நேரடியாகவே பாடினார்கள். உடுப்பில் குத்திய மைக்குகள் படத்தில் தெரிந்த இடங்களில் பின்னர் கணினியால் அழித்தார்கள். வாயசைப்பு எவ்வளவோ சுலபமான சினிமாவிலேயே, நடிக்கிறவரின் மூச்சும் நடுக்கமும் வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

மேடையிலும் கதைகள் உண்டு. 1979இல் பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் தன் சுற்றுப்பயணத்தில் ஆடிக்கொண்டே பாட விரும்பினார். கையில் மைக் பிடித்தால் கை போய்விடும். அவருடைய ஒலிப் பொறியியலாளர், சட்டை மாட்டுகிற கம்பி ஹேங்கரை வளைத்துத் தலையில் மாட்டி, அதில் மைக்கைப் பொருத்தினார். அதை மறைக்கவே இல்லை. எல்லோருக்கும் தெரிந்தது. ஆட்டத்தில் மூழ்கிய யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. 1981 மே மாதம் லண்டனில் ‘கேட்ஸ்’ தொடங்கியது. பூனை வேடம், உடம்போடு ஒட்டிய உடுப்பு, இடைவிடாத நடனம். பெட்டி வைக்க மடிப்பும் இல்லை, பையும் இல்லை. இப்படிப்பட்ட இசை நாடகங்கள்தான் மைக்கைத் தலைமுடிக்குள்ளும் பொய்முடிக்குள்ளும் ஒளிக்கிற வழக்கத்தை வளர்த்துவிட்டன.

இனி நம் மேடைக்கு வருவோம். எங்கள் பையனின் பெட்டி ஏன் விழுந்தது?

சாரத்தின் மடிப்பு உடம்பு அசைய அசைய இளகும். பெட்டியை உடுப்பில் செருகவே கூடாது, உடம்போடு சேர்ந்த ஒரு பட்டியில் கட்ட வேண்டும். அகலமான இலாஸ்டிக், அதில் பெட்டி அளவுக்கு ஒரு துணிப்பை, மேலே மூடி. இவ்வளவுதான். அதை உள்ளே கட்டிவிட்டு மேலே வேடம் போட வேண்டும். தையல் தெரிந்த உம்மாமார் ஒருத்தருக்கு அரை மணித்தியால வேலை.

பெட்டியை எந்த இடத்தில் வைப்பது என்பதை வேடம் அல்ல, அசைவுதான் தீர்மானிக்கும். நின்று நடிப்பவருக்கு இடுப்பின் பின்பக்கம் நல்லது. மல்லாக்க விழுகிற காட்சி இருந்தால் அங்கே வைத்தால் முதுகெலும்பில் குத்தும். அப்போது விலாப்பக்கம் அல்லது தோள்பட்டைகளுக்கு நடுவே வைக்கலாம். தோணி தள்ளுகிறவர் குனிவார், அவருக்கு முன்பக்கம் ஆகாது. ஆகவே பெட்டியை விழா அன்று காலையில் அல்ல, ஒத்திகையிலேயே கட்டிப் பார்க்க வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் அதே அளவுச் சவர்க்காரக் கட்டி ஒன்றைப் பட்டியில் வைத்து ஓடவிடுங்கள். விழுமா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

வயருக்கு ஒரு சின்ன வளையம் விட்டு ஒட்ட வேண்டும். கையைத் தூக்கும்போது வளையம் நீளும், மைக் இழுபடாது. பெட்டியிலிருந்து தொங்குகிற அன்டெனா வயரைச் சுருட்டிக் கட்டுவது பெரிய பிழை. 500 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஓடுகிற செட்டுக்கு அலைநீளம் 60 சென்ரிமீற்றர், அன்டெனா அதில் கால்பங்கு, ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். அது நேராகத் தொங்கினால்தான் வேலை செய்யும். மூர்ஸ் பாவித்த 76 மெகாஹேர்ட்ஸில் அதே கால்பங்கு ஒரு மீற்றர் வரும்! தரம் 11 விஞ்ஞானப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். வியர்த்த தோலோடு அன்டெனா ஒட்டிக்கிடந்தால் சத்தம் விட்டுவிட்டு வரும்.

மைக் முனைக்கு நெஞ்சு எல்லோருக்கும் தெரிந்த இடம். ஆனால் பிள்ளை தலையைத் திருப்பினால் சத்தம் இறங்கிவிடும். நெற்றியில் முடி தொடங்குகிற இடம் அல்லது காதோரக் கன்னம் நல்லது. தலை எங்கே திரும்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாது. காயத்துக்கு ஒட்டுகிற மெடிக்கல் டேப் போதும். செலோடேப் வியர்வையில் கழன்றுவிடும், தோலையும் புண்ணாக்கும்.

நம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. மேற்கத்தைய மேடையில் பொய்முடி வைத்து மறைப்பதை இங்கே ஸ்காஃப் இயல்பாகவே மறைக்கிறது. வயர் வெளியே தெரியாமல் கழுத்துவரை வந்துவிடும். ஆனால் முனை துணிக்குள் புதையக் கூடாது. புதைந்தால் ஸ, ச, த போன்ற எழுத்துகள் மங்கிப்போகும், துணி உரசும் சத்தமும் சேரும். துணி விளிம்புக்கு ஒரு நூலளவு வெளியே முனை நிற்க வேண்டும். சரசரக்கிற பொலியெஸ்டர் துணியை விடப் பருத்தி நல்லது.

இதைவிட முக்கியமான ஒன்று. பிள்ளையின் உடுப்புக்குள் கைவைத்து மைக் மாட்டும் உரிமை எந்தச் சவுண்ட்ஸ்காரருக்கும் இல்லை. பட்டியைப் பெண் பிள்ளைகளுக்கு உம்மாவோ டீச்சரோ, ஆண் பிள்ளைகளுக்கு வாப்பாவோ ஆண் ஆசிரியரோ, பிள்ளையிடம் கேட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் கட்ட வேண்டும். பெரிய பிள்ளைகள் தாங்களே கட்டிக்கொள்ளப் பழக்கலாம். இதை இந்த வருடம் முதல் எழுதிய விதியாகவே வைக்கப் போகிறோம்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது: காற்று. மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக்காகவே பட்டத்தில் கடல் சறுக்க வெள்ளைக்காரர்கள் இங்கே வருகிறார்கள். மாம்புரிப் பக்கம் காற்றாலை சுழல்கிறது. திறந்த மைதானத்தில் மேடை போட்டால் மைக்கில் முதலில் பேசுவது காற்றுத்தான். முனைக்கு ஸ்பொஞ்ச் உறை போடாமல் வெளியே நிகழ்ச்சி வைக்க வேண்டாம். மேடையின் பின்பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பினால் பாதி வேலை முடிந்துவிடும். உப்புக்காற்று பட்ட மைக்கைத் துடைக்காமல் பெட்டியில் வைத்தால் அடுத்த வருடம் முனை கறுத்திருக்கும்.

வெளிநாட்டிலிருந்து பழைய செட் அனுப்ப நினைக்கிற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பு மைக்குகள் ஓடிய அலைவரிசைகளில் பலவற்றை இப்போது கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. அமெரிக்காவில் 700 மெகாஹேர்ட்ஸ் மைக்குகளை 2010 ஜூன் 12 முதல் பாவிக்கக் கூடாது என்று நிறுத்தினார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட செட்டுகள் மலிவாகக் கிடைக்கலாம். வாங்கும் முன் அதன் அலைவரிசை என்ன, அதை இங்கே பாவிக்கலாமா என்று பாருங்கள். நம் நாட்டில் அதைத் தீர்மானிப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. மூர்ஸ் போல நாமும் அனுமதி இல்லாத அலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு, பென்ட்ரைவே சுகம்தானே என்று சிலர் கேட்கலாம்.

எங்கள் வகுப்பறையில் ஒரே பாடத்தை வாசிக்கும்போதே மூன்று நாலு விதமான தமிழ் கேட்கும். இங்கேயே பரம்பரையாக வாழ்கிற குடும்பத்துப் பிள்ளை ஒரு மாதிரி வாசிக்கும். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கையில் ஒரு பையோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளை இன்னொரு மாதிரி வாசிக்கும். வாப்பா கடலுக்குப் போகும் பிள்ளையின் வாயில் வருகிற காற்றின் பெயரும் மீனின் பெயரும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்த நாடகத்தில் மூன்று பெரியவர்கள் குரல் கொடுத்தபோது இவ்வளவும் அழிந்து ஒரே வானொலித் தமிழாகிவிட்டது. ‘நல்ல உச்சரிப்பு’ என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். உம்மம்மா தேடியது அந்த அழிந்துபோன சத்தத்தைத்தான்.

இன்னொரு அநியாயமும் உண்டு. மைக் இல்லாத மேடையில் தொண்டை பெரிதாக உள்ள பிள்ளைக்குத்தான் ராஜா வேடம். ஸ்டாண்ட் மைக் மேடையில் அதன் முன்னால் கூசாமல் நிற்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் வேடம். மெல்லிய குரலும் நல்ல நடிப்பும் உள்ள பிள்ளை எப்போதும் மரமாகவோ அலையாகவோதான் நின்றிருக்கிறது. உடம்பில் கட்டிய ஒரு சின்னப் பெட்டி அந்தப் பிள்ளைக்கு முதல்முறையாக வசனம் கொடுக்கும்.

ஆகவே இந்த வருடம் இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறோம்.

பென்ட்ரைவ் வசனம் இல்லை. பின்னணி இசை மட்டும் பதிவிலிருந்து வரும்.

கம்பியில்லா செட் நமக்கு இரண்டுதான் கிடைக்கும். அதிகம் ஓடி ஆடுகிற இரண்டு பாத்திரங்களுக்கு அதைக் கட்டுவோம். மற்றவர்களுக்குக் கூத்தின் வழி: மேடை ஓரத்தில் எட்டுப் பிள்ளைகள் பாயில் இருந்து, சாதாரண மைக் ஒன்றைச் சுற்றிப் பிற்பாட்டுப் பாடுவார்கள். அவர்களை ஒளிக்க மாட்டோம். அவர்களும் நாடகத்தின் ஆட்கள்தான்.

ஒரு காட்சியில் களிகம்பு வைக்கப் போகிறோம். அதற்கு மைக்கே வேண்டாம்.

மைக் விழுந்தாலும் பரவாயில்லை, வசனத்தைத் தொடர்ந்து சத்தமாகச் சொல்லு என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவைப்போம். மேடையில் ஏறிப் பிள்ளையை ஏசுவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. எங்களுக்கும்தான்.

மைக்கை எங்கே வேண்டுமானாலும் மறைக்கலாம், பிள்ளையின் குரலை மறைக்கக் கூடாது. நாங்கள் கற்றது இவ்வளவுதான்.

உங்களிடம் மூன்று உதவி கேட்கிறோம். இலாஸ்டிக் பட்டி தைத்துத் தரக்கூடிய உம்மாமார், சாச்சிமார் இருந்தால் பாடசாலைக்கு ஒரு சொல் அனுப்புங்கள். துணியும் இலாஸ்டிக்கும் நாங்கள் தருவோம். களிகம்புப் பாட்டுத் தெரிந்த மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்களே வருகிறோம். அன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடித்த தம்பியின் வீட்டார் இதை வாசித்தால், அவனுக்கு எங்கள் மன்னிப்பைச் சொல்லுங்கள். இப்போது பெரிய வகுப்பில் இருக்கிறான். இந்த வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு மைக் கட்டிவிடும் பொறுப்பை அவன் ஏற்றுக்கொண்டால் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். எங்கே கட்டினால் விழும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரில் யாரும் இல்லை.

அந்த உம்மம்மாவுக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.